வாலில் ஒட்டிய பட்டை

விமானம் மூன்று சாக்குகளிலும் ஒரு பழைய படுக்கை விரிப்பிலுமாகக் கட்டப்பட்டு வந்து சேர்ந்தது. அண்ணி அதை வாடகை வேனில் ஏற்றி, தானும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பிக்காரரின் ஸ்டிக்கர் கடை வாசலில் வந்து இறங்கினார்.

"வீட்டைக் காலி பண்றேன் தம்பி. போற வீடு ரெண்டே ரூம். இதை வைக்க இடம் கிடையாது. நீங்க எடுத்துக்கிட்டா சரி. இல்லேன்னா நாளைக்குப் பழைய சாமான்காரர் வர்றார், அவர்கிட்ட போட்டுடறேன்."

ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதித்தவர் பேசிய முதல் பேச்சு இதுதான். நல்லா இருக்கீங்களா என்று ஒப்புக்குக்கூடக் கேட்கவில்லை. தம்பிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார், அண்ணி உட்காரவில்லை. தண்ணீர் நீட்டினார், வாங்கி மேசைமேல் வைத்துவிட்டார்.

"எடுத்துக்கறேன் அண்ணி," என்றார் தம்பிக்காரர். வேன் போய்விட்டது.

பொம்மை விமானம்தானே என்று யாராவது சொன்னால், ஞாயிறுதோறும் சங்கமாகக் கூடி இப்படி விமானம் விடும் மைதானத்துக்காரர்களுக்குப் பொத்துக்கொண்டு வரும். இறக்கை இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்கு மூன்று மீட்டருக்கு ஒரு சாண் குறைவு. உள்ளே பெட்ரோல் எஞ்சின். தரையில் நின்றபடி கையிலிருக்கும் ரேடியோப் பெட்டியின் இரண்டு குச்சிகளை அசைத்தால் மேலே அது உருளும், புரளும், தலைகீழாகப் போகும். இதைக் கட்டியவர் அண்ணன். மேசை நாற்காலி செய்யும் பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் மரத்தோடு மல்லுக்கட்டிய மனிதர், மைதானத்தில் அவருக்கு 'மேஸ்திரி' என்று பேர். பஞ்சு கனமே உள்ள பால்சா மரத்தைச் சீவி, விலா எலும்பு மாதிரி வரிசையாக நிறுத்தி ஒட்டி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைச் சின்ன இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் போர்த்தி, இரண்டு வருஷம் செய்தார். ஓட்டுகிறவர் தம்பி. அண்ணன் கட்டுவார், தம்பி ஓட்டுவார் என்பது பன்னிரண்டு வருஷமாக அங்கே நடந்த வழக்கம். அண்ணனுக்கு ஓட்டத் தெரியாது, ரேடியோப் பெட்டியைத் தொட்டாலே பதறிவிடுவார். தம்பிக்கு ஒரு ஆணியை நேராக அடிக்கத் தெரியாது. ரெண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் என்று மைதானத்தில் கேலி செய்வார்கள், அதில் ரெண்டு பேருக்கும் பெருமைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அன்றைக்குக் கூட்டம் அதிகம், முப்பது பேருக்குக் குறையாது. விமானம் பளபளவென்று நின்றது. வாலில் மேலும் கீழும் அசையும் இரண்டு மடல்களின் ஓரத்திலும் தம்பியின் கடை மஞ்சள் பட்டை வேறு. ஏற்றினார், உருட்டினார், கைத்தட்டல் வாங்கினார். மூன்றாவது தடவை உயரத்திலிருந்து செங்குத்தாகக் கீழே பாய்ச்சியபோது 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம். வாலில் பாதி பிய்த்துக்கொண்டு தனியாகப் பறந்தது. மீதி விமானம் மைதானத்துக்கு அப்பால் மண்ணில் மூக்கைக் குத்திக்கொண்டது.

தம்பிக்காரர் ஓடினார். வால் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். அது விமானத்தின் அடித்தண்டோடு ஒட்டியிருந்த இடத்தில்தான் பிய்ந்திருந்தது. அத்தனை பேருக்கு முன்னால் அதைத் தூக்கிக் காட்டி, "ஒட்டு விட்டுடுச்சு! நான் என்ன பண்ண? அண்ணன் ஒட்டு விட்டுடுச்சு!" என்று கத்தினார்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. அண்ணன் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். பொறுக்க வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஊர் வாய் சும்மா இருக்குமா? 'மேஸ்திரி ஒட்டினா மூணு சுத்து தாங்கும்' என்று அடுத்த வாரமே மைதானத்தில் ஒரு வசனம் கிளம்பியது. யாருக்காவது செருப்பு வார் அறுந்தால்கூட 'மேஸ்திரிகிட்ட குடுத்து ஒட்டினியா' என்று கேட்டார்கள். அது அண்ணன் காதுக்குப் போனது. அதன் பிறகு அவர் மைதானத்துப் பக்கம் வரவில்லை. வேறு விமானம் கட்டவும் இல்லை.

அவராக வந்து 'தப்பு என்னோடதுதான்டா' என்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று தம்பிக்காரர் காத்திருந்தார். வீம்புக்கு வயது உண்டா? நாற்பத்தெட்டில் ஆரம்பித்தது ஐம்பத்துநாலு வரை ஓடியது. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், பட்டறையில் சாப்பிடக் கை கழுவப் போன அண்ணன் குழாயடியிலேயே சரிந்து உயிரை விட்டார். சாவுக்குத் தம்பிக்காரர் போனார். கூடப் பிறந்தவர், அக்கம்பக்கத்தாரோடு வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தார். உள்ளே வாங்க என்று யாரும் கூப்பிடவில்லை, அவருக்கும் போகத் துணிவில்லை.

சாக்குகளைக் கடையின் பின்னறையில் பிரித்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. இதைத் திரும்பக் கட்டுவோம். அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகிற ஞாயிற்றுக்கிழமை அதே மைதானத்தில் பறக்கவிடுவோம். விட்டுப்போன ஒட்டை நாமே நன்றாக ஒட்டிவிட்டு, போனது போகட்டும் அண்ணே, நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுவோம். நினைக்கும்போதே கண் கலங்கியது. தன் பெரிய மனசைப் பார்த்துத் தானே கலங்கினார் என்று சொல்ல வேண்டும்.

மத்தியானங்களில் கடைக்கு ஆள் வரமாட்டார்கள். அந்த நேரமெல்லாம் விமானத்துக்குப் போனது. முதலில் பழைய படலத்தை உரிக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் வைத்து ஓட்டினால் பசை இளகும், நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தால் நீளமாகக் கழன்று வரும். அவசரப்பட்டால் மரத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். ஸ்டிக்கர் உரித்தே பிழைத்த கை, இந்த ஒரு வேலையில் தேறியது. மற்றதெல்லாம் தகராறுதான். மூக்கு நொறுங்கியிருந்தது. இடது இறக்கையில் பதினோரு விலாக்கள் போயிருந்தன. சாக்கின் அடியில் அண்ணன் கைப்பட வரைந்த வரைபடம், பழுப்புக் காகிதத்தில், நாலாக மடித்து இருந்தது. அதைச் சுவரில் குத்திவைத்துப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு விலாவாக வெட்டினார். முதல் ஆறும் குப்பைக்குப் போயின. ஏழாவது ஓரளவுக்கு விலா மாதிரி இருந்தது.

"என்ன சார், கடையை மூடிட்டு மரக்கடை வைக்கப் போறீங்களா?" என்றார் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர்.

"எங்க அண்ணன் வேலைங்க. அவர் விட்ட குறையைச் சரி பண்றேன்," என்றார் தம்பிக்காரர். அதைச் சொல்வதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது.

வாலைக் கடைசிக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார். குற்றவாளியைக் கடைசியில் விசாரிக்கிறாராம்! மூன்று மாதம் கழித்து, மூக்கும் இறக்கையும் ஒரு வழிக்கு வந்த பிறகு, ஒரு மத்தியானம் அதை மேசைமேல் எடுத்து வைத்தார்.

பிய்ந்த இடத்துக்குப் பக்கத்தில், படலத்தில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுர ஒட்டு இருந்தது. மண்ணில் விழுந்ததால் கிழிந்தது இல்லை. கத்தியால் அளந்து வெட்டி, திறந்து பார்த்துவிட்டு, அதே நிறப் படலத்தால் திரும்ப மூடிய ஜன்னல். அவ்வளவு நேராக வெட்டும் கை உலகத்தில் ஒன்றுதான் அவருக்குத் தெரியும்.

அந்த ஜன்னலைத் திறந்தார். மேசை விளக்கைக் கிட்டே இழுத்தார். பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டார், இப்போதெல்லாம் அது இல்லாமல் முடிவதில்லை.

ஒட்டு விடவில்லை.

பசை விட்டால் மரத்தின் முகம் வழவழவென்று இருக்கும். இங்கே பசையின்மேல் எதிர்ப்பக்கத்து மரமே நார் நாராகப் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மரம் கிழிந்திருக்கிறது, பசை பிடித்த பிடியை விடவே இல்லை. நல்ல ஒட்டுக்கு இதுதான் அடையாளம் என்று அண்ணன் நூறு தடவை சொல்லியிருக்கிறார். 'மரம் போகலாம்டா, ஒட்டு போகக்கூடாது.' அன்றைக்கு மைதானத்தில் துண்டைத் தூக்கிக் காட்டியவர் ஒரு தடவை அதை உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. கத்துவதற்குத்தான் நேரம் இருந்தது.

பிறகு எதனால் பிய்ந்தது? மடலை வாலோடு பிணைத்த சின்னக் கீல்களைப் பார்த்தார். கீல் ஊசி போகும் துளைகள் வட்டமாக இருக்க வேண்டும், எல்லாம் இழுபட்டு முட்டை வடிவமாகியிருந்தன. மடலை அசைக்கும் கம்பி மாட்டும் துளையும் அப்படியே. ஏதோ ஒன்று அந்த மடலைப் பிடித்து நொடிக்கு நூறு தடவை உலுக்கியிருக்கிறது. அப்போதுதான் அந்த 'ர்ர்ர்' சத்தம் அவர் காதில் திரும்பக் கேட்டது. மடல் படபடத்த சத்தம். வேகமாகப் பாயும்போது வால் மடலின் பின் ஓரம் கனமாக இருந்தால் காற்றே அதைப் பிடித்து ஆட்டும், ஆட்டி ஆட்டி வாலையே கிழித்துவிடும். மைதானத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லும் பாடம் இது. அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

பின் ஓரத்தில் என்ன கனம்?

மஞ்சள் பட்டை. ஆறு வருஷத்துக்குப் பிறகும் உரியாமல், வெளுக்காமல், பளிச்சென்று இருந்தது. லாரிகளின் முதுகில் ஒட்டும் மின்னும் ஸ்டிக்கர், தடித்த சரக்கு. மேலே ஒன்று, கீழே ஒன்று. சூடு காட்டி உரித்து, எடை போடும் சின்னத் தராசில் வைத்தார். இருபத்தொன்பது கிராம். மடலை வைத்தார். அறுபத்திரண்டு. மடலின் எடையில் பாதியை அதன் ஓரத்திலேயே கொண்டுபோய் ஒட்டியிருக்கிறார் மகாராசன்.

ஏன் ஒட்டினார்? அந்த வருஷம்தான் அவருக்குப் பார்வை மங்க ஆரம்பித்தது. உயரத்தில் போனால் விமானம் வருகிறதா போகிறதா என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஓட்டுகிறவன் கண் போய்விட்டது என்று தெரிந்தால் ரேடியோப் பெட்டியை வேறு கைக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பயம். பட்டை மின்னினால் வால் எந்தப் பக்கம் என்றாவது தெரியுமே என்று, முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் வீட்டில் இல்லாத நேரத்தில் போய் அவரே ஒட்டிவிட்டு வந்தார்.

இன்னொன்றும் அப்போது நினைவுக்கு வந்தது. அது வராமலே இருந்திருக்கலாம். அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் கட்டியவர் வாலைத் தூக்கிப் பிடித்து, மடல்களைக் கையால் அசைத்துப் பார்த்து, 'சரி' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஓட்டுகிறவர் பெட்டியைத் தொடுவார். அன்றைக்கு அண்ணன் மடலில் கை வைத்ததும் நிறுத்தினார்.

"என்னடா இது, பின்னால?"

"ஸ்டிக்கர்தான் அண்ணே. காகித கனம்கூட இல்ல. அழகா இருக்கட்டுமேன்னு."

அண்ணன் விரலால் ஓரத்தைத் தடவினார். முப்பது பேர் காத்திருந்தார்கள், ஒருத்தர் கையைத் தட்டி அவசரப்படுத்தினார். தம்பி முகத்தைப் பார்த்தார். "சரி," என்றார்.

தம்பிக்காரர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். உரித்த பட்டையின் ஒரு மூலை முன்பே யாரோ கிளப்பிப் பார்த்துவிட்டுத் திரும்ப அழுத்தி ஒட்டியதுபோல் லேசாகச் சுருங்கியிருந்தது. ஜன்னல் வெட்டிய கைதான் இதையும் கிளப்பியிருக்கும். எல்லாம் தெரிந்துதான் அந்த மனிதர் கடைசிவரை வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். மன்னிக்கலாம் என்று மூன்று மாதமாக மரம் சீவிக்கொண்டிருந்தவருக்கு உட்கார்ந்த இடத்தில் வியர்த்துக் கொட்டியது. கடைக்கு வந்த ஒருவர் மணி அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். தம்பிக்காரர் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார்.

வேலையை அவர் நிறுத்தவில்லை. நிறுத்தத் தைரியம் இல்லை என்பதுதான் சரி. வாலைத் திரும்ப ஒட்டினார். புதுப் படலம் போர்த்தினார். முதலில் ஓரங்களை மட்டும் சூடு காட்டிப் பிடிக்க வைத்து, பிறகு நடுவில் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டும் தொடாமலும் ஓட்டினால், தொளதொளவென்று கிடக்கும் படலம் சுருங்கி, விறைத்து, தட்டினால் 'டம்' என்று பேசும். இறக்கையில் நாலைந்து சுருக்கம் விழுந்துவிட்டது. மூன்று தடவை உரித்து மூன்று தடவை போர்த்தினார். வாலில் ஒரே ஒரு அடுக்கு. அதற்குமேல் ஒரு துளி சாயம்கூட வைக்கவில்லை.

அந்த வாரமே அண்ணியின் புது வீட்டுக்குப் போனார். பாதி மூட்டைகள் இன்னும் பிரிக்காமலே கிடந்தன. அண்ணி அலமாரியில் காகிதம் விரித்துக்கொண்டிருந்தார். தம்பிக்காரர் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கண்ணை, வெள்ளிக்கிழமையை, இருபத்தொன்பது கிராமை. அண்ணி காகிதம் விரிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும் தம்பி."

"தெரியுமா?"

"அந்த வாரமே பார்த்துட்டாரு. என்கிட்ட மட்டும் சொன்னாரு. போய் அவன் சட்டையைப் பிடிச்சுக் கேளுங்களேன்னு நான்தான் கத்தினேன். 'நான் தொட்டுப் பார்த்துச் சரின்னு சொல்லிட்டேன். சொன்ன பிறகு அவன் மேல என்ன பழி சொல்றது'ன்னுட்டாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி."

அண்ணி இப்போது திரும்பினார். "நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளித்தானே இருந்தோம்? 'அவன் வந்து பிரிச்சுப் பார்த்தா அவனுக்கே புரியும்'னு சொல்லி அந்த மூட்டையை வீட்டுல வச்சிருந்தாரு. இடத்தை அடைக்குது, தூக்கிப் போடுங்கன்னா கேட்க மாட்டாரு. ஞாயித்துக்கிழமையானா எங்கேயும் கிளம்ப மாட்டாரு."

"என்னை மன்னிச்சிருங்க அண்ணி."

"நான் மன்னிக்க என்ன இருக்கு? என்னையா ஊர் சிரிச்சுது?" என்றார் அண்ணி. குரலில் கோபம்கூட இல்லை. "அதைச் சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுங்க. நான் வர்றேன்."

ஒரு வருஷம் ஆன அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மைதானத்துக்குப் போனார்கள். பழைய முகங்கள் பாதிக்குமேல் இல்லை. தம்பிக்காரர் ரேடியோப் பெட்டியைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்து, "எனக்குக் கண்ணு சரியில்லைங்க. நீங்க ஓட்டுங்க," என்றார். ஆறு வருஷம் தாமதமாகச் சொன்ன உண்மை, ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு, கட்டியவர் நிற்கும் இடத்தில் தானே நின்று, வாலைத் தூக்கி, மடல்களை அசைத்து, 'சரி' சொன்னார்.

விமானம் ஏறியது. அவருக்கு அது ஒரு புள்ளிதான். செயலாளர் உருட்டினார், புரட்டினார், கடைசியில் உச்சிக்குக் கொண்டுபோய்ச் செங்குத்தாகப் பாய்ச்சினார். தம்பிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார். எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. இறங்கியதும் எல்லாரும் கைதட்டினார்கள். ஒருவர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "என்ன ஒட்டு சார்! பாறை மாதிரி நிக்குது. உங்க கைவேலையா?"

தம்பிக்காரர் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகவே பேசினார்.

"எல்லாரும் கேளுங்க. அன்னைக்கு எங்க அண்ணன் ஒட்டு விடலை. நான் வாலில் ஸ்டிக்கர் ஒட்டினேன், அந்தக் கனத்துலதான் மடல் படபடத்துப் பிஞ்சுது. தப்பு என்னோடது. அவரை நீங்க சிரிச்சதும் என்னாலதான்."

புதியவர்கள் எந்த அண்ணன், எந்த ஒட்டு என்று புரியாமல் பழையவர்களைப் பார்த்தார்கள். செயலாளர் அவர் தோளில் கை போட்டார்.

"விடுங்க சார். அதெல்லாம் இப்போ யாருக்கு ஞாபகம்? போன மனுஷன் பேர்ல ஒரு சொல் நிக்கக் கூடாதுன்னு பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கறீங்க பாருங்க, இந்த மனசு யாருக்கு வரும்?"

"இல்லைங்க, நிஜமாவே நான்தான். தராசுல போட்டுப் பார்த்தேன், இருபத்தொன்பது கிராம்..."

"கேட்டீங்களா? அண்ணனுக்காகக் கணக்கெல்லாம் போட்டு வச்சிருக்காரு!" செயலாளர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். பின்னாலிருந்து யாரோ கைதட்டினார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வயதான உறுப்பினர் ஒருவர் அண்ணியிடம் போய், "இப்படி ஒரு கொழுந்தனார் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்மா," என்றார்.

தம்பிக்காரர் ஒவ்வொருவராகப் பிடித்துத் திரும்பச் சொன்னார். கீல் துளையைச் சொன்னார், மரத்தின் நாரைச் சொன்னார். ஒவ்வொருவரும் அவர் கையை இறுகப் பிடித்துவிட்டுப் போனார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அண்ணி வந்து அவர் முழங்கையைத் தொட்டார்.

"போதும் தம்பி. நீங்க சொல்லச் சொல்ல உங்க பேருதான் பெருசாகுது."

அவர் வாயை மூடிக்கொண்டார்.